குடைக்கு ஒரு கால்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று எங்கள் ஆச்சிமார் சொல்லுவார்கள். அம்மி பறந்ததை நான் கண்டதில்லை. ஆனால் ஏழடிக் குடையொன்று பறந்ததைக் கண்டிருக்கிறேன். அது நான் கையெழுத்து வைத்துக் கொடுத்த குடை.

2018 ஆம் ஆண்டு ஆடி மாதம். அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் வாழ்வாதார உதவித் திட்டத்தின் கள உத்தியோகத்தராக வேலை செய்துகொண்டிருந்தேன். அச்சுவேலிச் சந்தையை அண்டி, வீதியோரத்தில் சாக்கு விரித்து மரக்கறி விற்கும் 12 பெண்களுக்கு ஆளுக்கொரு பெரிய குடை வழங்கியிருந்தோம். பன்னிருவரும் தனியே குடும்பத்தைச் சுமப்பவர்கள். சிலர் யுத்தத்தில் கணவனை இழந்தவர்கள். சிலர் காணாமற்போன கணவனை இன்னமும் தேடிக்கொண்டிருப்பவர்கள். இரண்டு பேர் கைவிடப்பட்டவர்கள்.

குடை ஒரு பெரிய உதவியா என்று சிலர் நினைக்கக்கூடும். வெயிலில் இருந்து விற்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். காலையில் பனி உலராமல் வரும் முளைக்கீரையும் பொன்னாங்காணியும் பத்து மணிக்குத் தலை சாய்த்துவிடும். வாடிய கீரையைப் பாதி விலைக்குக் கேட்பார்கள். பதினொரு மணிக்கு அந்த விலைக்கும் எடுக்கமாட்டார்கள். நிழல் இருந்தால் கீரைக்கு இரண்டு மணித்தியாலம் ஆயுள் கூடும். அந்த இரண்டு மணித்தியாலம்தான் அன்றைய அரிசிக் காசு. எங்கள் குடாநாட்டில் வருடத்தில் இரண்டு தடவை சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஒன்று ஏப்ரல் நடுப்பகுதி, மற்றது ஆகஸ்ட் இறுதி. இந்த இரண்டாவது காலத்தில் சோளகக் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. குடை மிகவும் தேவைப்படும் நாட்களில்தான் குடையை நிறுத்தி வைக்க முடியாமலும் போகிறது.

சோளகம் எப்படிப்பட்டது என்பதை வடமராட்சியிலிருந்து வல்லைவெளியூடாக அச்சுவேலிப் பக்கம் சைக்கிள் ஓடி வந்தவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். எழும்பி நின்று மிதித்தாலும் சைக்கிள் நகராது. அந்தக் காற்றுக்கு முன்னால் ஒரு குடை என்ன செய்யும் என்று நான் முன்னரே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன்.

குடை வாங்குவதற்கு விலை கேட்டபோது கடைக்காரர் இரண்டு விலை எழுதித் தந்தார். ஒன்று குடைக்கு. மற்றது குடையின் காலுக்கு. கால் என்பது குடைத்தண்டைச் செருகி நிறுத்தும் அடிப்பாகம். தண்ணீர் நிரப்பிப் பாரமாக்கும் பிளாஸ்ரிக் தொட்டி போன்றது. இவ்வகைக் குடைகள் உண்மையில் விடுதி முற்றங்களில் மேசைக்கு நடுவே நிற்பதற்கென்று செய்யப்பட்டவை. மேசையின் நடுவிலுள்ள துளை தண்டை இடுப்பில் பிடிக்கும். கீழேயுள்ள பாரம் அதைக் காலில் பிடிக்கும். இரண்டு பிடி இருப்பதால்தான் அங்கே குடை அசையாமல் நிற்கிறது. எங்கள் பெண்களுக்கு மேசையும் இல்லை. கையிலிருந்த காசுக்குக் காலோடு 9 குடைகள் வாங்கலாம், கால் இல்லாமல் 12 வாங்கலாம். ஒன்பது பயனாளிகளைவிடப் பன்னிரண்டு பயனாளிகள் நல்லது என்று எனக்குத் தோன்றியது. காலுக்குரிய வரியை என் பேனையாலேயே வெட்டினேன்.

அன்று நான் சந்தைக்குப் போனது அறிக்கைக்குப் படம் எடுப்பதற்காக. போனபோது பாதிப் பேர் குடையை மடக்கி வைத்திருந்தார்கள். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் அதை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் வேலிக் கதியாலோடு கட்டியிருந்தார். ஒருவர் எண்ணெய் ரின்னில் மணல் நிரப்பி நட்டிருந்தார். இன்னொருவர் தண்டைச் சுற்றிக் கல் அடுக்கி, அதன்மேல் வெங்காயச் சாக்கைச் சாத்தியிருந்தார். கத்தரிக்காயும் பயித்தங்காயும் விற்கும் ஓர் அக்காவின் குடை மடங்கிக் கிடந்தது. படத்துக்காக அதை விரிக்கச் சொன்னேன்.

“காத்து கடுமையாக் கிடக்கு மிஸ்” என்றா.

“ஒரு நிமிசந்தான் அக்கா” என்றேன்.

அவ விரித்துத் தண்டைக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு இருந்தா. நான் தொலைபேசியை உயர்த்தினேன். ஒரு சுழல் வந்தது. குடை முதலில் மேலே எழும்பி, பிறகு சரிந்து, பக்கத்தில் கீரை விற்றுக்கொண்டிருந்த ஆச்சியின் நெற்றியில் அதன் கம்பி நுனி பட்டது. கண்ணுக்கும் காயத்துக்கும் இடையில் ஒரு விரலிடைதான். ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாலு தையல். ஆச்சியின் மகன் வந்து அந்த அக்காவைச் சந்தையில் எல்லோர் முன்னிலையிலும் ஏசினார். நான்தான் விரிக்கச் சொன்னேன் என்று சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. உதவி கொடுக்க வந்தவர்களை யாரும் ஏசுவதில்லை. அந்த அக்கா இரண்டு நாள் உழைப்பை ஆச்சிக்குக் கொடுத்தா என்று பின்னர் அறிந்தேன்.

அந்த மாத அறிக்கையில் “12 பயனாளிகள் நிழற்குடை பெற்றுப் பயனடைந்தனர்” என்று எழுதினேன். அது பொய்யில்லை. அதனால்தான் அதை எழுதுவது இலகுவாக இருந்தது.

மூன்று கிழமை கழித்து, பள்ளிக்கூட நாளொன்றில், வேறு அலுவலாக அவ்வழியால் போனேன். அந்த அக்காவின் குடை விரிந்து நிமிர்ந்து நின்றது. ஆறுதலாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். குடைத்தண்டை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி அவவின் மகள் நின்றாள். பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடச் சட்டை இல்லை, வீட்டுச் சட்டை. காற்று அடிக்கும்போதெல்லாம் குதிக்கால் இரண்டையும் மண்ணில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். அது பழகிய அசைவாக இருந்தது.

“பள்ளிக்கூடம் இல்லையோ?” என்றேன்.

அவள் தாயைப் பார்த்தாள். தாய் தராசைப் பார்த்தா. பிறகு மெதுவாகச் சொன்னா.

“காத்து நாளிலை மட்டுந்தான் மிஸ் மறிக்கிறனான். எனக்கென்ன ஆசையே? நீங்கள் குடை தந்தியள், சரி. அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்க ஆளைத் தரேல்லையே.”

காற்று நாள் என்றால் சோளகக் காலத்தில் கிழமைக்கு மூன்று நாலு நாள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கணக்குப் போட்டால் ஒரு தவணையின் பெரும்பகுதி. நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள். பிள்ளைகள் பாடசாலையிலிருந்து இடைவிலகுவதற்கான காரணங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தவள். வறுமை, இடப்பெயர்வு, பெற்றோரின் இழப்பு, வீட்டு வேலை. குடைக்குக் கால் இல்லாமை என்று அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. இடாப்பில் அவளுடைய பெயருக்கு எதிரே ‘குடும்பச் சூழ்நிலை’ என்று ஒருவேளை எழுதியிருப்பார்கள். அந்தச் சூழ்நிலையில் ஒரு பங்கு என்னுடைய பேனை வெட்டியது.

எங்கள் ஊரில் விஞ்ஞானம் படிப்பிக்கும் தோழி ஒருத்தியிடம் அன்றிரவு இதைச் சொன்னேன். அவள் அப்பியாசக் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டாள். ஏழடிக் குடையின் பரப்பு ஏறத்தாழ மூன்றரைச் சதுர மீற்றர். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காற்று அதன் அடியில் முழுதாகப் புகுந்தால் ஆறேழு கிலோ அளவுக்கு மேலே தூக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் வலு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். ஆகவே 40 கிலோமீற்றர் வேகச் சுழலுக்கு அது 26 கிலோ.

அந்தப் பிள்ளையின் நிறை எனக்குத் தெரியும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை அட்டையைத் தாய் ஒருதடவை காட்டியிருந்தா. 29 கிலோ.

தோழி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

குடைக்குக் கால் செய்வது என்று அன்று முடிவெடுத்தோம். திட்டத்தில் காசு முடிந்துவிட்டது. எனவே கையில் அகப்பட்டதைக் கொண்டு செய்யவேண்டியிருந்தது. முதலில் 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்றில் குழாயை நிறுத்திக் கொங்கிறீற் போட்டோம். தண்ணீர் நிரப்பினால் அந்த வாளி 20 கிலோ, மணல் நிரப்பினால் 30 கிலோவுக்குச் சற்றுக் கூட, கொங்கிறீற் என்றால் 45 கிலோவுக்கு மேல். பாரம் போதும் என்று நினைத்தோம். இரண்டு பேர் சேர்ந்து சந்தைக்குக் கொண்டுபோய் வைத்தோம். ஒரு நல்ல காற்றுக்கு வாளியோடு சேர்ந்து குடை சரிந்தது. வாளியின் அடி ஓரடி அகலம்கூட இல்லை. ஒல்லியான உயரமான பாரம் இலகுவாகக் கவிழும். எவ்வளவு பாரம் என்பது மட்டுமல்ல, எவ்வளவு அகலமாக உட்கார்ந்திருக்கிறது என்பதும் கணக்கு.

பிறகு ஓட்டோ ரயர் ஒன்றில் போட்டோம். அது 25 கிலோ அளவில் வந்தது. தூக்க வசதி. ஆனால் மெல்லிய காற்றுக்கு மட்டுந்தான் தாங்கியது. கார் ரயரில் போட்டால் 65 கிலோவுக்குக் கிட்ட வரும், அகலமும் ஒன்றேமுக்கால் அடிக்கு மேல் கிடைக்கும். ஆனால் 65 கிலோவை எந்தப் பெண் தூக்குவாள்? ஆண் துணை இல்லாதவர்களுக்கென்று கொடுத்த குடைக்கு ஆண்கள் இரண்டு பேர் தேவைப்படும் கால் எதற்கு? நானும் மேசனும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அந்த அக்காதான் சொன்னா.

“உதை ஏன் தூக்குவான்? தூக்கேலாது, உருட்டலாம்.”

வட்டமான ரயரைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தூக்குவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தோம் நாங்கள்.

அதை நிமிர்த்துவதற்கும் அவவே வழி கண்டா. ரயரின் நடுக்குழாயில் குடைக்குப் பதிலாக ஏழடி நீளமான வேறொரு இரும்புக் குழாயைச் செருகி, அதன் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தால், பத்துக் கிலோ தூக்கும் வலுவுக்கே ரயர் விளிம்பில் எழும்பி நிற்கிறது. நெம்புகோல் தத்துவம் என்று நாங்கள் எட்டாம் வகுப்பில் படித்தது. பிறகு உருட்டிக்கொண்டு போகலாம். காற்றும் குடையை இப்படித்தான் கவிழ்க்கிறது என்று தோழி விளக்கினாள். உயரத்தில் பிடித்துத் தள்ளினால் சிறிய வலுவும் பெரிய பாரத்தைப் புரட்டும். காற்றுக்குத் தெரிந்த வித்தையை அந்த அக்கா தனக்காகப் பிடித்துக்கொண்டா.

வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்களுக்காக முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். பழைய கார் ரயர் ஒன்று. குடைத்தண்டு சற்றுத் தளர்வாக இறங்கக்கூடிய இரும்புக் குழாய் ஒன்றரை அடி. குழாயின் அடிப்பக்கத்தில் இரண்டு கம்பித் துண்டுகளைச் சிலுவையாக ஒட்டுவித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாளடைவில் குழாய் கொங்கிறீற்றுக்குள் சுழலத் தொடங்கும். மேல்பக்கத்தில் ஒரு துளையிட்டு, கையால் திருகும் போல்ற் ஒன்று பொருத்துங்கள். தண்டு மேலே கிளம்பாமல் அது பிடிக்கும். தரையில் பொலித்தீன் விரித்து, ரயரை வைத்து, குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, சீமெந்து ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சல்லிக்கல் நாலு பங்கு என்று குழைத்து, ரயரின் உட்புறம் இடைவெளி இல்லாமல் குத்தி நிரப்புங்கள். குழாயின் அடி வாயை அடைக்காதீர்கள். அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே நின்று இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளியுங்கள். ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும், வெறுங்கையால் அளைய வேண்டாம். ஒரு 50 கிலோ சீமெந்துப் பையில் நாலைந்து கால்கள் செய்யலாம்.

கடைசியாக ஒரு சிறிய காரியம். குழாய்க்கும் தண்டுக்கும் இடையில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அந்த ஆட்டம்தான் கொஞ்சங் கொஞ்சமாகத் தண்டை வளைத்து முறிக்கும். பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டித் தண்டில் சுற்றிச் செருகினால் ஆட்டம் நின்றுவிடும். மேசைத் துளையில் குடை ஆடாமலிருக்க வெளிநாடுகளில் கூம்பு வடிவ பிளாஸ்ரிக் ஆப்பு ஒன்றைத் தனியாகச் செய்து விற்கிறார்கள். எங்களுக்கு அதே வேலையை ரியூப் துண்டு செய்தது.

எவ்வளவு நல்ல கால் இருந்தாலும் குடையை மடக்கவேண்டிய நேரம் ஒன்று உண்டு. அதை அறிய உபகரணம் தேவையில்லை. 1805 இல் பியூபோட் என்ற பிரித்தானியக் கடற்படை அதிகாரி காற்றின் வலுவைக் கண்ணால் காணும் அடையாளங்களைக் கொண்டு வகுக்கும் அளவுகோல் ஒன்றை ஆக்கினார். பின்னர் தரைக்கும் பொருந்தும்படி விரிவாக்கப்பட்ட அந்த முறைப்படி, புழுதியும் கடதாசியும் எழும்பிப் பறந்தால் காற்று மணிக்கு 20 முதல் 28 கிலோமீற்றர். சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் 29 முதல் 38. எங்கள் சந்தைப் பெண்கள் இதைத் தங்களுக்கேற்ற சட்டமாக்கிக் கொண்டார்கள். கடதாசி பறந்தால் போல்ற்றை இறுக்கு. முருங்கை மரம் ஆடினால் குடையை மடக்கு. படம் எடுக்க யார் வந்தாலும் விரிக்காதே.

அந்தக் கடைசி விதியை எனக்காகவே சேர்த்தார்கள் என்று நினைக்கிறேன்.

இது எங்கள் சந்தைக்கு மட்டும் உரிய விடயம் என்று நான் எண்ணியிருந்தேன். பின்னர் வாசித்தபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவின் வேர்ஜீனியா பீச் கடற்கரையில் 2016 இல் காற்றில் பறந்த குடையொன்று ஒரு பெண்ணின் உயிரைப் பறித்திருக்கிறது. 2022 இல் தென் கரோலினாவின் கடற்கரையொன்றில் இன்னொரு பெண் அதேவிதமாக இறந்தார். இருவரும் ஓய்வெடுக்க வந்து கடற்கரையில் இருந்தவர்கள். 2024 இல் அந்நாட்டின் ஏ.எஸ்.ரி.எம். என்ற தரநிர்ணய அமைப்பு கடற்கரைக் குடைகளுக்கும் அவற்றைத் தரையில் பிடிக்கும் சாதனங்களுக்குமென்று ஒரு தரத்தை வெளியிட்டது. மணிக்கு 48 கிலோமீற்றர் அளவு காற்றுக்கு அல்லது 34 கிலோ அளவு இழுப்புக்கு நின்றுபிடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கொப்பியில் தோழி போட்ட கணக்கும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. இரண்டு உயிர்கள் போன பின்னரே உலகத்தின் பணக்கார நாடொன்று குடையின் காலைப் பற்றி ஏட்டில் எழுதிக்கொண்டது.

கால் செய்தாயிற்று. அதை இரவில் எங்கே வைப்பது என்பது அடுத்த பிரச்சினை. தினமும் வீட்டுக்கு உருட்டிப் போக முடியாது. வீதியோரத்தில் விட்டுப் போனால் காலையில் இருக்காது. ஒருநாள் மூன்று ரயர்கள் ஒழுங்கைக் கானுக்குள் கிடந்தன. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று யாரோ தள்ளிவிட்டிருந்தார்கள். தள்ளியவர்களிலும் முழுப் பிழை சொல்ல முடியாது. வீதி வீதிதான். ஆனால் அன்று ஒன்று விளங்கியது. குடை நிற்கக் கால் வேண்டும். கால் நிற்க இடம் வேண்டும். அந்த இடம் உரிமையாக இருக்கவேண்டும்.

இந்தியாவின் அகமதாபாத் நகரில் 1972 இல் எலா பட் அம்மையார் தொடங்கிய ‘சேவா’ என்ற பெண்கள் சங்கத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். வீதியோரத்தில் காய்கறி விற்கும் பெண்களுக்காக அவர்கள் கேட்டது மாளிகை அல்ல, இரண்டு கூடை வைக்கும் இடம். அந்தக் கோரிக்கையை நீதிமன்றம் வரை கொண்டு சென்றார்கள். வீதி வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்றை 2014 இல் இந்தியா நிறைவேற்றியது. அந்தப் பெண்களும் அவர்களைப் போன்றவர்களும் பல பதிற்றாண்டுகளாகக் கேட்டதன் பயன்களில் அதுவும் ஒன்று. பரீட்சைக்காக ‘இரண்டு கூடை இடம்’ என்று எழுதியபோது அது ஒரு நல்ல சொற்றொடராகவே எனக்குப் பட்டது. கானுக்குள் கிடந்த ரயரை வெளியே இழுத்தபோதுதான் அதன் பாரம் தெரிந்தது.

எங்கள் பெண்கள் நீதிமன்றம் போகவில்லை. தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் போனார்கள். அவ கடைக்குப் பின்னால் ரயர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க இடம் கொடுத்தா. பதிலுக்கு மழை நாளில் அந்த அம்மாவின் கடை முகப்புக்கு இரண்டு குடை. எழுத்தில் இல்லாத உடன்படிக்கை. நாளைக்கு அந்தக் கடை கைமாறினால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். “நாளைக்கு நாளைக்குப் பாப்பம்” என்றார்கள். அந்தப் பதில் எனக்கு இன்னமும் போதவில்லை. ஒவ்வொருவருக்கும் இடம் குறித்து, பெயர் எழுதி, நாட்கூலிபோல அறவிடும் காசுக்கு ஒரு பற்றுச்சீட்டாவது கொடுக்க வேண்டும் என்று கேட்டுக் கடிதங்கள் எழுதியிருக்கிறோம். எழுதிக்கொண்டும் இருக்கிறோம்.

2022 இல் நாடு பொருளாதார நெருக்கடிக்குள் விழுந்தபோது சீமெந்து விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது புதிதாக வந்த பெண்களுக்குக் கால் செய்ய, இடிந்த வீட்டுச் சுவர்களின் துண்டுகளை ரயருக்குள் அடுக்கி, இடைவெளியை மட்டும் சீமெந்துக் கலவையால் நிரப்பினார்கள். யுத்தம் விட்டுப்போன கல்லுக்கு எங்கள் பகுதியில் பஞ்சமில்லை. ஒரு காலத்தில் யாருடைய வீட்டையோ தாங்கிய சுவர் இப்போது இன்னொருத்தியின் நிழலைத் தாங்குகிறது.

நெற்றியில் தழும்போடு ஆச்சி இப்போதும் கீரை விற்கிறா. அவவுக்கும் அந்த அக்காவுக்கும் இடையில் ஒரு வருடம் கதை பேச்சு இருக்கவில்லை. சமாதானம் பேசி வைத்தது நாங்கள் அல்ல. ஆச்சிக்கு ரயரை உருட்டப் பெலன் இல்லை. ஒருநாள் காலை தன் ரயரை உருட்டி வந்த அக்கா, திரும்பிப் போய் ஆச்சியின் ரயரையும் உருட்டி வந்து வைத்தா. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லையாம். மத்தியானம் ஒரு பிடி முருங்கையிலையைக் கட்டி அக்காவின் சாக்கில் போட்டுவிட்டுப் போனாவாம். இப்போது இரண்டு குடையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்துவிட்டாள். ஆறாம் வகுப்பில் விட்ட நாட்களால் கணிதத்தில் வெகுகாலம் பின்தங்கியிருந்தாள் என்று தாய் சொன்னா. என் தோழிதான் மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அந்த நாட்களை யாரும் முழுதாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. சனி, ஞாயிறுகளில் தாய்க்கு உதவியாகச் சந்தைக்கு வருவாள். தாயைவிட வேகமாக ரயரை உருட்டுவாள். ஒருநாள் என்னைக் கண்டுவிட்டுச் சிரித்தாள். “மிஸ், இப்ப இதைப் பிடிக்கத் தேவையில்லை” என்று சொல்லி, தண்டை ஒரு விரலால் தள்ளிக் காட்டினாள். அசையவில்லை.

நான் அந்த நிறுவனத்தை விட்டு வேறு இடத்துக்கு வந்துவிட்டேன். உதவித் திட்டப் படிவங்கள் இங்கும் அதே மாதிரித்தான். எத்தனை பேர், எத்தனை பொருள், எத்தனை ரூபா. ஆட்டுக்குட்டி, கோழிக்கூடு, தையல் இயந்திரம், நீரிறைக்கும் மோட்டர். ஒவ்வொன்றுக்கும் கீழே நான் பென்சிலால் ஒரு வரி எழுதிக்கொள்ளுகிறேன். ‘இதை யார் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறார்கள்?’ ஆட்டுக்கு இலை குழை வெட்டப் போவது யார், மோட்டருக்கு எண்ணெய் வாங்கக் காசு எங்கே, தையல் இயந்திரம் பழுதானால் எந்த ஊருக்குத் தூக்கிப் போவது? பல வீடுகளில் அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு பெண்பிள்ளை வாசலில் நிற்கிறாள்.

இதை வாசிக்கும் சகோதரிகளில் மாதர் சங்கங்களில், கோயில் சபைகளில், வெளிநாட்டு உறவுகளின் உதவியைப் பங்கிடும் குழுக்களில் இருப்பவர்கள் பலர் இருப்பீர்கள். கொடுக்கும் பட்டியலில் ஆட்களைக் கூட்டவேண்டும் என்ற ஆசை எங்கள் எல்லோருக்கும் உண்டு. பன்னிரண்டை ஒன்பதாக்க மனம் வராது. எனக்கும் வரவில்லை. அந்த மூன்று பேருக்கும் எப்படியாவது இன்னும் கொஞ்சம் காசு தேடுங்கள், பிந்தினாலும் பரவாயில்லை. காலுக்குரிய வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.